ஓய்வு பெறாத சாவி

கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியப் பணியில் இருப்பவர்களாவது கடைசி வரை படியுங்கள்.

நான் பணி ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பொன்னாடை போர்த்தினார்கள், குரூப் போட்டோ எடுத்தோம். பள்ளிச் சாவிக்கொத்தை ஒவ்வொன்றாக எண்ணி அடுத்த தலைமையாசிரியையிடம் ஒப்படைத்துக் கையெழுத்தும் வாங்கினேன். பீரோ சாவி, சத்துணவு ஸ்டோர் ரூம் சாவி, கழிப்பறைச் சாவி என்று மொத்தம் பதினொன்று. பன்னிரண்டாவது ஒன்று என்னிடமே தங்கிவிட்டது. பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் ஒரு இணையதளத்தில் இன்றும் என் கைப்பேசி எண்தான் இருக்கிறது. மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் மாறவில்லை. "டீச்சர், ஓடிபி வந்திருக்கா?" என்று மாதத்துக்கு நாலு தடவை போன் வரும்.

போன மாதம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். என் போனை மகள் அணைத்து வைத்திருந்தாள். அன்றுதான் உதவித்தொகை விவரம் ஏற்றக் கடைசி நாள். இரண்டு பிள்ளைகளின் பெயர் விடுபட்டுப் போனது. அதில் ஒரு பிள்ளையின் அம்மா என்னிடம் படித்தவள். தெருவில் பார்த்தபோது கண் எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பழைய மாணவன் ஒருவனிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "டீச்சர், லினக்ஸ் கர்னல் உங்களைவிட ஒழுங்காகச் சாவி வைத்திருக்கும்" என்று சிரித்தான். இரண்டு மாலை உட்கார்ந்து விளக்கவும் செய்தான். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

கர்னல் என்பது கணினியில் எல்லா மென்பொருளுக்கும் அடியில் இருந்து வேலை வாங்கும் பகுதி. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் அனைவரும் லினக்ஸ் கர்னலைத்தான் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறோம். ரகசியச் சாவிகளைப் பாதுகாக்க அதில் தனி ஏற்பாடு இருக்கிறது. ரெட் ஹேட் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஹவல்ஸ் எழுதியது. 2004 டிசம்பரில் வெளியான 2.6.10 பதிப்பில் சேர்ந்தது. அதன் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

முதலாவது, அங்கே எந்தச் சாவியும் பொதுவாகக் கிடப்பதில்லை. உரிமையாளர் உண்டு, கோக்கப்பட்ட கொத்து உண்டு. ஒரு நிரலுக்கான கொத்து, ஒருவர் உள்ளே நுழைந்து வெளியேறும் வரைக்கான கொத்து, ஒரு பயனருக்கான கொத்து என்று தனித்தனி. சாதாரணப் பயனர் ஒருவர் வழக்கமாக 200 சாவிகளுக்கு மேல் சேர்க்க முடியாது.

இரண்டாவது, சாவியைப் பயன்படுத்துவது வேறு, சாவியைப் பார்ப்பது வேறு. அங்கே அனுமதிகள் ஆறு வகை. சாவி இருப்பதை அறிய ஒன்று, உள்ளடக்கத்தைப் படிக்க ஒன்று, தேடி எடுத்துப் பயன்படுத்த ஒன்று என்று பிரித்திருக்கிறார்கள். 'லாகான்' என்ற வகைச் சாவியை ஒரு நிரல் உள்ளே கொடுக்கலாம், மாற்றலாம். திரும்ப வாசிக்க மட்டும் முடியாது. பூட்டுவதையும் திறப்பதையும் கர்னலே செய்து கொடுக்கும்.

மூன்றாவது, கெடு. இத்தனை விநாடிக்குப் பிறகு செல்லாது என்று சாவிக்கு நேரம் வைக்கலாம். நடுவிலேயே ரத்தும் செய்யலாம். பிறகு யாராவது கேட்டால் பதில் தெளிவாக வரும். காலாவதியானது, ரத்தானது, அப்படி ஒரு சாவியே இல்லை என்று மூன்றுக்கும் மூன்று பதில். காலாவதியான சாவியை வழக்கமாக ஐந்து நிமிடம் கழித்துக் கர்னலே துடைத்து எடுத்துவிடும். அங்கே ஐந்து நிமிடம். இங்கே மூன்று வருடம்!

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஆண்ட்ராய்டு போனை அணைத்துப் போடுங்கள். திரையைத் திறக்கும் எண்ணை அழுத்துவதற்கு முன் யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் பெயர் வராது, வெறும் எண்தான் வரும். தொடர்புப் பட்டியலைப் பூட்டிய சாவி அதுவரை கர்னலின் கைக்குப் போகவில்லை என்பதுதான் காரணம்.

அதெல்லாம் சரி, அங்கே தப்பே நடக்காதா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 2016 ஜனவரியில் இந்தச் சாவிக்கொத்துப் பகுதியிலேயே ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கொத்தை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கர்னல் எண்ணிக்கை வைத்திருக்கும். ஒரு இடத்தில் ஏற்றிய எண்ணிக்கையைக் குறைக்க மறந்திருந்தார்கள். நானூறு கோடிக்கு மேல் ஏற்றினால் எண்ணிக்கை சுற்றிக்கொண்டு சுழிக்கு வந்துவிடும். யாரும் பிடித்திருக்கவில்லை என்று கர்னல் ஏமாந்து அந்த இடத்தை விட்டுவிடும். அதன் வழியாக ஒருவன் கணினியையே கைப்பற்றலாம். கர்னலே அவன் கைக்குப் போனபின் உள்ளே இருக்கும் சாவிக்கு ஏது பாதுகாப்பு? 2012-இல் நுழைந்த தவறு அது. ஆனால் எந்த வரியில் தவறு என்று ஊரறியச் சொன்னார்கள், திருத்தமும் வந்தது. தவறைச் சொல்ல ஓர் இடம், திருத்த ஒரு பொறுப்பாளர். எனக்கு அந்த இரண்டும்தான் கிடைக்கவில்லை.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். "பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே" என்று வகுப்பில் சொல்கிறோம். பள்ளியின் பாஸ்வேர்டைச் சார்ட் பேப்பரில் எழுதிப் பீரோ கதவின் உட்புறம் ஒட்டியதும் நான்தான். வேறென்ன செய்வது? ஆறு ஆசிரியர்களுக்கு ஒரே பாஸ்வேர்டு, தினமும் ஒரு அவசரப் பதிவேற்றம். ஆசிரியர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினால் இது தீராது. குற்றம் ஏற்பாட்டில் இருக்கிறது.

நான் கேட்பது மூன்று. சாவி பதவிக்குத்தான், ஆளுக்கு அல்ல. நான் என்றைக்கு ஓய்வு பெறுவேன் என்பது பணியில் சேர்ந்த அன்றே பணிப்பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தத் தேதியோடு என் சாவியும் தானாகக் காலாவதியாக வேண்டும். அடுத்து, ஆளுக்கொரு நுழைவு வேண்டும். வருகை பதிபவருக்குப் பிள்ளைகளின் வங்கிக் கணக்கு எண் எதற்கு? மூன்றாவது, எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்கு நாலு கேள்வி சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்தச் சாவி யாருடையது, யார் பயன்படுத்தலாம், எந்த நாள் வரை, யார் ரத்து செய்வது?

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. இருபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒழுங்குதான் இது.

அடுத்த முறை ஓடிபி வந்தாலும் சொல்லத்தான் போகிறேன். பிள்ளைகள் விஷயம், மறுக்க மனம் வராது. ஆனால் எனக்கு வயது ஏறுகிறது. ஒருநாள் அந்தப் போன் எடுக்கப்படாமல் அடித்துக்கொண்டே இருக்கும்.

ஓய்வு பெற்ற நண்பர்களே, உங்கள் போனுக்கும் பழைய பள்ளியின் ஓடிபி வருகிறதா? "ஆம்" என்று மட்டும் கீழே எழுதுங்கள். ஓடிபியை எழுதிவிடாதீர்கள்! எண்ணிப் பார்த்து, மூன்றாவது மனுவோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறேன்.