வாடகை வீட்டுப் பதிவு: அஞ்ச வேண்டியதா, கேட்டுப் பெற வேண்டியதா?

துறைமுகம், அனல்மின் நிலையம், உப்பளம் என்று பிழைப்புத் தேடித் தூத்துக்குடிக்கு வருபவர்கள் முதலில் தேடுவது ஒரு வாடகை வீட்டைத்தான். பிள்ளைகளின் படிப்புக்காகவும் வியாபாரத்துக்காகவும் காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து நம் குடும்பங்களும் நகரத்துக்குக் குடிவருகின்றன. அட்வான்ஸ் கைமாறுகிறது, சாவி கைமாறுகிறது. பெரும்பாலும் எழுத்து இருப்பதில்லை. இருந்தாலும் 11 மாதத்துக்கு ஒரு முத்திரைத்தாளோடு முடிந்துவிடுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் வந்த வழக்கம் இது.

இந்த வழக்கத்தை மாற்றுவதற்காகவே 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் உள்ளது. இதன்படி, எத்தனை மாத வாடகையாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து பதிவு எண் பெற வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவரே இந்த அதிகாரி. இணையதளம் வழியாகவும் பதியலாம்.

ஆனால், ‘பதிவு’ என்றாலே நம்மில் பலருக்கு ஒரு தயக்கம் வருகிறது. அது காரணமில்லாத தயக்கமும் அல்ல. 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர் என்று கூறப்பட்ட 5 பேர் வாடகை வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் வாடகைதாரர் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்குமாறு வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவிடப்பட்டது. பெயரைக் கேட்டதுமே ‘வீட்டுக்கு ஆள் வந்தாச்சு’ என்ற பதிலைக் கேட்டுப் பழகிய நமக்கு, இன்னொரு பட்டியல் என்றால் சந்தேகம் எழுவது இயல்பு.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். காவல் நிலையப் பட்டியல் நம்மைப் பற்றிய தகவலை வாங்கிக்கொள்கிறது. பதிலுக்கு எந்த உரிமையும் தருவதில்லை. வாடகைப் பதிவு இரு தரப்பின் கையிலும் ஓர் ஆதாரத்தைத் தருகிறது. வேறு உடன்பாடு எழுதப்படாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக் கூடாது. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததே காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணமாகலாம் என்பதையும் வாடகைதாரர் மறந்துவிடக் கூடாது.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. துபாயில் 2007-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும். ‘இஜாரி’ என்று பெயர் பெற்ற அந்தப் பதிவு, மின்சார, தண்ணீர் இணைப்புக்கும் குடும்ப விசாவுக்கும் தேவைப்படுகிறது. அங்கே முறையாகப் பதிந்துவிட்டு, சொந்த மண்ணில் வாய்ப்பேச்சோடு நின்றுவிடுகிறோம்.

அந்தக் காகிதத்தின் அருமை ஆபத்தில்தான் தெரியும். 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடியின் தெருக்கள் பல நாட்கள் வெள்ளத்தில் கிடந்தன. அரசின் 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடைகள் வழியாகவே வழங்கப்பட்டது. அட்டை ஓர் ஊரிலும் குடியிருப்பு வேறு ஊரிலும் இருக்கும் குடும்பம், ‘இந்த வீட்டில்தான் இருந்தோம்’ என்பதை எதைக் காட்டி நிரூபிக்கும்?

உரிமையாளர்களுக்கும் இதில் நன்மை உண்டு. காயல்பட்டினத்தில் பெண்மக்களுக்கு வீடு கொடுப்பது வழக்கம். கணவர் வெளிநாட்டில் இருக்க, வாடகைக்கு விட்ட வீட்டைத் தனியாகக் கவனிக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். வாடகை நின்றுபோனாலோ, காலி செய்ய மறுத்தாலோ, பதிவு செய்த ஒப்பந்தமே அவர்களுக்குத் துணை. ஒத்திக்கு வீடு கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பெருந்தொகை கொடுத்து வாடகையின்றிக் குடியிருப்பது வட்டியாகுமா என்பதை முதலில் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது அவசியம். அதோடு, பதிவில்லாத முத்திரைத்தாளை நம்பி லட்சங்களைக் கொடுப்பது பெரும் ஆபத்து.

இச்சட்டம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. மதத்தைக் காரணம் காட்டி வீடு மறுப்பதை அது தடுக்கவில்லை. அதற்கான குரலை நாம் தனியாக எழுப்ப வேண்டும். இணையப் பதிவு தெரியாதவர்களுக்கு வார்டு அளவில் உதவி மையம் அமைக்க மாநகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் முன்வர வேண்டும். பதிவு விவரங்கள் வேறு நோக்கங்களுக்குப் பயன்படாது என்ற உறுதியையும் அரசு தர வேண்டும்.

நம் பங்குக்கு, நிக்காஹ் பதிவேட்டைப் பேணிவரும் மஹல்லா ஜமாஅத்துகள் வாடகை ஒப்பந்தம் எழுதவும் பதியவும் வாரம் ஒருநாள் வழிகாட்டலாம். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் அல்பகரா 282-ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். அதை ஓதுகிற சமுதாயம், வீட்டுச் சாவியை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் எழுதிப் பதிந்துகொள்வதில் பின்தங்கக் கூடாது.