இரண்டு கையும் நல்லா இருந்தால்தான் டாக்டரா? கோர்ட் சொல்லியாச்சு, டிபார்ட்மென்ட்கள் என்ன செய்யப்போகின்றன?

எம்.பி.பி.எஸ். சேர இரண்டு கைகளும் குறையில்லாமல் இருக்கணும், அவற்றில் தொடு உணர்வும் போதிய வலுவும் இருக்கணும். தேசிய மருத்துவ ஆணையத்தின் வழிகாட்டுதலில் இப்படி ஒரு நிபந்தனை இருந்தது. நீட்டில் தகுதி பெற்று, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி 5% ஒதுக்கீடும் கையில் இருக்கும் ஒரு மாணவரை வாசலிலேயே நிறுத்த இந்த ஒரு வரி போதும்.

2025 பிப்ரவரியில் நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விஸ்வநாதன் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, இந்த நிபந்தனை அரசியல் சட்டத்துக்கும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கும் எதிரானது என்றது. அதற்கு முன், 2024 அக்டோபரிலேயே இதே இரு நீதிபதிகளும் இருந்த அமர்வு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியிருந்தது: சான்றிதழில் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவருக்கு சீட் மறுக்க முடியாது. அவரால் படிப்பை முடிக்க முடியுமா என்பதை மருத்துவக் குழு நேரில் பார்த்து, காரணத்தோடு எழுத வேண்டும்.

'அதெல்லாம் சரி, நோயாளியோட உயிர் விஷயமாச்சே?'

நியாயமான கேள்விதான். பதில் வேலூரில் இருக்கிறது. சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். திரும்பி வந்தது வீல்சேரில். டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தில், தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை சிகிச்சை செய்ய ஆரம்பித்தார். கையில் செய்யும் ஆபரேஷனை சர்ஜன்கள் பொதுவாக உட்கார்ந்துதான் செய்வார்கள் (வீல்சேர் அங்கே ஒரு பிரச்னையே இல்லை, பாருங்க). பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, வேலூரில் அந்தத் துறையையே கட்டி எழுப்பினார். 1972-ல் பத்மஸ்ரீ. மும்பையில் வீல்சேரிலிருந்தபடியே புற்றுநோய் சிகிச்சையில் பெயர் வாங்கிய டாக்டர் சுரேஷ் அத்வானிக்கு 2012-ல் பத்மபூஷண்.

இருவரும் அசாத்தியமானவர்கள்தான். ஆனால் ஒரு டிபார்ட்மென்ட்டில் வேலை பார்க்க அசாத்தியமானவராக இருந்தே தீரணும் என்று மற்ற டாக்டர்களிடம் யாரும் கேட்பதில்லையே?

அட்மிஷன் கிடைப்பது பாதி வழிதான். மருத்துவமனைகளில் சாய்வுப்பாதை நோயாளிக்காகப் போடப்படுகிறது. அதே பாதையில் டாக்டரும் வருவார் என்று யாரும் யோசிப்பதில்லை. வார்டுக்கு லிஃப்ட் இருக்கும், ட்யூட்டி ரூமுக்கு படிக்கட்டு இருக்கும். ரவுண்ட்ஸில் எல்லாரும் மாஸ்க்கோடு பேசினால், உதட்டசைவை வைத்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி மருத்துவருக்கு பாதிப் பாடம் போச்சு. இதற்கெல்லாம் தீர்வு ராக்கெட் சயின்ஸ் இல்லை. இதய ஒலியைத் திரையில் காட்டும் ஸ்டெதஸ்கோப் வந்துவிட்டது. வாய் தெரியும் மாஸ்க் இருக்கிறது. உயரம் மாற்றக்கூடிய மேசை பல ஆபரேஷன் தியேட்டர்களில் ஏற்கெனவே இருக்கிறது.

கஷ்டமானது ட்யூட்டி சார்ட்தான். நைட் ட்யூட்டியைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால், 'அவருக்கு மட்டும் ஏன் சலுகை?' என்று சக பி.ஜி.க்கள் முணுமுணுப்பார்கள். ஏற்கெனவே 30 மணி நேரம் தூங்காமல் நிற்பவர் முணுமுணுப்பதில் தப்பு சொல்ல முடியாது. அதனால் யாருக்கு என்ன வசதி, அந்த வேலையை யார் பார்ப்பார்கள் என்பதை ஹெச்.ஓ.டி. வருடத் தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த ஜூனியரே போய் கெஞ்சிக்கொண்டு நிற்கும்படி விடக் கூடாது.