ஸ்காட்லாந்து மாதிரி

"அப்படியே ஸ்காட்லாந்துதான் ஸார்!" என்றார் நண்பர்.

கொடைக்கானல் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. நண்பர் ஸ்காட்லாந்து போனவரல்லர், நானும் போனதில்லை. பார்க்காத தேசத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரை மெச்சுவதற்கு நம்மிடையே ரசனை என்று பெயர்.

நான் குறை சொல்ல அருகதை உள்ளவனா என்றால், இல்லை. என் தொடர்கதை ஒன்றில் கதாநாயகியைக் கொடைக்கானலுக்கு அனுப்பி, மழையில் நனையவிட்டு, அவளுக்குக் காய்ச்சலும் வரவழைத்தேன். கதாநாயகன் தெர்மாமீட்டரை உதறி அவள் நாக்கின் கீழ் வைக்கிறான். 'அந்த இடம் பிரமாதம்' என்று வாசகிகள் பலர் எழுதினார்கள். அதே மலையில் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான பேர் தெர்மாமீட்டர் செய்துதான் ஜீவனம் நடத்தினார்கள் என்ற விஷயம் எழுதிய எனக்கும் தெரியாது, படித்தவர்களுக்கும் தெரியாது.

சரி, ஸ்காட்லாந்து என்றே வைத்துக்கொள்வோம். எந்த ஸ்காட்லாந்து? பனியும் ஏரியும் மட்டுமா அந்த நாடு? மண்ணுக்கடியில் நிலக்கரி வெட்டிய நாடு அது. சுரங்கத் தொழிலாளி எஜமானனிடம் சொல்லாமல் வேறிடம் போனால் அவனைத் திருடனாகப் பாவிக்க வேண்டும் என்று 1606-ல் அங்கே சட்டம் செய்தார்கள். அந்த அடிமைத்தளை முழுவதும் அறுபட 1799 வரை ஆயிற்று.

எடின்பரோவுக்குத் தெற்கே நியூட்டன்கிரேஞ்ச் என்று ஓர் ஊர் இருக்கிறது. புத்தகத்தில் படித்ததுதான். சுரங்கக் கம்பெனி கட்டிய ஊர். வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். தெருக்களுக்குப் பெயர் வைக்கக்கூட மெனக்கெடவில்லை. முதல் தெரு, இரண்டாம் தெரு என்று எண் போட்டுவிட்டார்கள். ஊருக்கு ஒரு மதுக்கடை. அதன் லாபம் ஊர்ப் பொதுக்காரியங்களுக்கே போக வேண்டும் என்று ஏற்பாடு. (நம் ஊர் டாஸ்மாக் கடைக்கு இந்த யோசனையை யாராவது சொல்லிப் பார்க்கலாம்.) லேடி விக்டோரியா என்ற அந்தச் சுரங்கம் 1981-ல் மூடப்பட்டது. மூடியதோடு அந்த ஊர்க்காரர்கள் விட்டுவிடவில்லை. சுரங்கத்தின் கட்டடங்களும் இயந்திரமும் இன்று ஸ்காட்லாந்தின் தேசியச் சுரங்க அருங்காட்சியகமாக நிற்கின்றன. அப்பன் பாட்டன் புகுந்த வாசலைப் பேரப்பிள்ளைகள் போய்ப் பார்க்கலாம்.

இப்போது நம் ஸ்காட்லாந்துக்கு வாருங்கள். 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார் இரண்டு பங்களா கட்டினார்கள், கொடைக்கானல் பிறந்தது. 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்தார், ஏரி பிறந்தது. 1872-ல் கோக்கர் என்ற லெப்டினண்ட் பாதை போட்டார். இன்றும் அவர் பெயரில்தான் நாம் காற்று வாங்குகிறோம். கலெக்டர் தம் கையால் மண் வெட்டினாரா? அம்மையநாயக்கனூரில் ரயிலைவிட்டு இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரம் வந்த துரைகளையும் துரைசானிகளையும் டோலியில் வைத்து மலை மேல் சுமந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? பூம்பாறையும் வில்பட்டியும் எந்தப் பங்களாவுக்காகக் காத்திருந்தன? கட்டளையிட்டவன் பெயர் நிலைத்திருக்கிறது. சுமந்தவன் பெயர் ஒரு கல்லிலும் இல்லை.

பழங்கதை போகட்டும். தெர்மாமீட்டர் பழங்கதை இல்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த தொழிற்சாலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்தது பாண்ட்ஸ் கம்பெனி. பிற்பாடு அது ஹிந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. ஸீஸன் வந்தால் கூலி, போனால் பூண்டுக் காடு என்றிருந்த மலையில் மாதச் சம்பளம் என்பது சாமானியமா? கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏற்றி, அளவு பார்த்து, கடல் கடந்து அனுப்பினார்கள். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் இயக்கத்தாரும் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். கழிவுக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருந்தது.

பாதரசம் தங்கள் உடம்பைக் கெடுத்தது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று கம்பெனி சொன்னது. 2006-ல் தொழிலாளர் சங்கம் ஐகோர்ட்டுக்குப் போயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் விஷயத்தில் சமரசம் ஏற்பட்டது. தொகை இவ்வளவு என்று வெளியிடப்படவில்லை. நான் நீதிபதி அல்ல, வைத்தியனும் அல்ல. சமரசத்தில் எனக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. ஆனால் வழக்குக் கட்டை மூடிய கையோடு அந்த மனிதர்களையும் மூடிவைத்துவிட்டோமே, அதைத்தான் கேட்கிறேன்.

"பதினெட்டு வருஷம் நடந்த ஒரு ஆலை; அது என்ன சரித்திரம்?" என்றார் நண்பர். பாதிரிமாரின் இரண்டு பங்களா சரித்திரமானால், 591 குடும்பங்களின் சோறு ஏன் சரித்திரம் இல்லை? "இதையெல்லாம் கிளறினால் ஊர் பெயர் கெட்டுப்போகும், வருகிறவன் வரமாட்டான்" என்பது இன்னொரு வாதம். லாட்ஜ்காரர் அப்படிச் சொன்னால் புரிந்துகொள்ளலாம். அது அவர் பிழைப்பு. மூன்று நாள் வந்து சாக்லேட்டும் தைலமும் வாங்கிக்கொண்டு இறங்குகிற நண்பருக்கு அந்த அக்கறை ஏன்? காரணம் எனக்குத் தெரியும். நம் உல்லாசத்துக்கு என்று ஒதுக்கிய மலையில் மற்றவன் வியர்வை வாடை வரக்கூடாது.

இது கொடைக்கானலோடு நிற்கும் வியாதியும் அல்ல. அதே 2001-ல், பிப்ரவரி 28-ஆம் தேதி கோலார் தங்க வயல் மூடப்பட்டது. வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன நம் ஜனங்கள் மூன்று தலைமுறைக்கு மேல் அங்கே பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கிப் பொன் எடுத்தார்கள். பாறை வெடித்து எத்தனையோ பேர் மாண்டார்கள். இன்று எந்தப் பையனிடமாவது கே.ஜி.எப். என்று சொல்லிப் பாருங்கள். சினிமாப் படத்தின் வசனத்தை ஒப்பிப்பான்.

மறுநாள் நண்பர் தூண்பாறைக்குப் போனார். நான் மூஞ்சிக்கல் கடைத்தெருவில் ஒரு டீக்கடையில் தொழிற்சாலைக்கு வழி கேட்டேன். கடைக்காரர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "தெர்மாமீட்டர் கம்பெனிங்களா? அங்க என்னங்க சார் இருக்கு பாக்கிறதுக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. பாம்பார்ச் சோலையை ஒட்டிக் கிடக்கும் அந்த இடத்தில் பார்ப்பதற்கென்று நாம் ஒன்றும் வைக்கவில்லை.

அருங்காட்சியகம் கட்டச் சொல்லவில்லை. அதற்கு மந்திரி வர வேண்டும், நாடா வெட்ட வேண்டும். ஒரு கல் போதும். இன்னின்ன வருஷங்களில் இங்கே இன்ன வேலை நடந்தது, செய்தவர்கள் இவர்கள் என்று, அவர்கள் சம்மதித்தால் பெயர்களோடு, தமிழில் வெட்டி வைக்கட்டும். ஏரிக்கரையில் வைத்தால் அழகு கெடும் என்று யாராவது முகம் சுளித்தால், மூஞ்சிக்கல்லில் அந்த டீக்கடைக்கு எதிரே வைக்கட்டும். இடம் இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.