சடங்கு நடத்துகிறோம், சொல்லிக் கொடுக்கிறோமா?

நம் வீட்டுப் பெண் ஆளாகிவிட்டால் ஊரிலிருந்து தாய்மாமன் சீர் கொண்டு வருகிறார். சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்குபவரும், துணி தேய்ப்பவரும், வீட்டு வேலைக்குப் போகும் சகோதரியும் கடன் வாங்கியாவது பந்தல் போட்டு, பந்தி வைத்து, மொய் எழுதுகிறோம். பெண் பெரியவளான செய்தி தெரு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. ஆனால் மாதந்தோறும் உதிரம் ஏன் வருகிறது, இனிக் கருத்தரிக்கும் சக்தி வந்துவிட்டது என்றால் என்ன பொருள் என்பதை அந்தப் பெண்ணிடம் நம்மில் யார் சொன்னோம்? "ஆம்பளப் பிள்ளைகளோட பேசாதே" என்ற ஒரு வாக்கியத்தோடு பாடம் முடிந்துவிடுகிறது.

பையன்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்குச் சடங்கும் இல்லை, சொல்லும் இல்லை. தூக்கத்தில் விந்து வெளியேறினால் நோயோ என்று பயந்து நடுங்குகிறார்கள். அது நோயல்ல, வளரும் ஆணுக்கு இயல்பானது. இதைத் தகப்பன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் போலி வைத்தியரிடம் மகன் தன் கூலியைக் கொண்டுபோய்க் கொட்டுவானா? இன்று கைபேசியும் ஆசிரியராகிவிட்டது. அதில் வரும் ஆபாசப் படங்கள் கற்பிப்பது பலாத்காரமும் பொய்யுமே.

"இதையெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போகும்" என்று கூறும் பெரியவர்கள் நம்மிடையே உளர். அவர்களுடைய கவலையை மதிக்கிறோம். கருத்தை ஏற்க இயலவில்லை. 2007-ல் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்களும் இவ்வாறு கூறித்தான் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பள்ளிகளில் தடுத்தன. ஆனால் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, இக்கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே உறவில் இறங்குவதில்லை என்றே தெரிவிக்கிறது.

வைக்கம் போராட்டத்திற்காக 1924-ல் இதே திருவனந்தபுரத்தில் சிறையிருந்த பெரியார், அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் 'குடி அரசு' ஏட்டில் கர்ப்பத்தடையைப் பற்றிப் பகிரங்கமாக எழுதினார். பெண்ணின் விடுதலைக்கு அது தேவை என்றார். அவர் ஊரறிய எழுதியதை நாம் இன்னும் வீட்டுக்குள் கிசுகிசுத்துக் கொண்டிருக்கிறோம்.

இந்த மௌனத்தின் விலையைக் கொடுப்பவர்கள் நம் பிள்ளைகள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயது நிரம்பாதவரின் சம்மதம் சம்மதமே அல்ல. "விரும்பித்தான் பழகினோம்" என்பதோ, ஊருக்குக் கூட்டிப்போய்த் தாலி கட்டியதோ தப்பிக்கும் வழியாகாது. 2019-ல் செய்த திருத்தத்திற்குப் பின், 18 வயதுக்குட்பட்ட பெண்ணைக் கருவுறச் செய்தவருக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. பத்தொன்பது வயதில் கட்டட வேலைக்குப் போகும் பையனுக்கும் பதினேழு வயதுப் பெண்ணுக்கும் இதை எப்போது சொல்லப் போகிறோம்? அவன் சிறைக்கும், அவள் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கும் போன பிறகா?

கருவுற்ற சிறுமியைப் பார்க்கும் மருத்துவர் போலீசுக்குத் தகவல் தரவேண்டும் என்பதும் சட்டமே. அதற்குப் பயந்து பெண்ணை நாட்டு மருந்துக்காரரிடம் கொண்டுபோவது அவள் உயிருக்கே உலை வைப்பதாகும். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் அத்தகவலில் மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. ஆகவே அரசு மருத்துவமனைக்கே போகவேண்டும்.

பாலியல் வன்கொடுமைத் தடுப்பைப் பற்றிய பாடத்தை 2023-24 கல்வியாண்டு முதல் கட்டாயமாகச் சேர்க்கும்படி, 2022 ஆகஸ்டில் ஒரு ஜாமீன் வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் மாநில அரசுக்கும் சி.பி.எஸ்.இ.க்கும் உத்தரவிட்டது. இதை வரவேற்கிறோம். ஆனால் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது மட்டும் கல்வியாகாது. உடம்பு வளரும் விதம், கருத்தரிக்கும் விதம், கருத்தடை முறைகள், "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை, அப்படிச் சொன்னால் அதை மதிக்கும் கடமை ஆகிய அனைத்தும் சேர்ந்ததே பாடம்.

அந்தப் பாடம் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் கிடைக்கவேண்டும். கடைத்தெருவில் மலையாளம் சரளமாகப் பேசும் பிள்ளைக்கும், தன் உடம்பைப் பற்றிய பயத்தைச் சொல்லத் தாய்மொழிதான் வாய்க்கு வரும். தமிழர்கள் கேரளத்தில் மொழிச் சிறுபான்மையினர். தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350-ஏ பிரிவே கூறுகிறது. ஆகவே நாம் அரசைக் கேட்பது இது: வளரிளம் பருவத்தினருக்கான கையேடுகளைத் தமிழிலும் அச்சிடுங்கள். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குத் தமிழ் தெரிந்த ஆலோசகர்களை அனுப்புங்கள். நம் குடியிருப்புகளில் வகுப்பு நடத்துவதானால் ஞாயிற்றுக்கிழமை நடத்துங்கள். மற்ற நாட்களில் நாம் வேலையில் இருப்போம்.

அரசு செய்யும்வரை வீடு காத்திருக்கலாகாது. மகளுக்குப் பத்து வயதாகும்போதே தாய் சொல்லட்டும்: மாதவிடாய் தீட்டல்ல, முதல் மாதவிடாய்க்கு முன்னரே கருத்தரிக்கவும் வாய்ப்புண்டு. தகப்பன் மகனிடம் சொல்லட்டும்: பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு, பெண் குழந்தை பெற்றாள் என்று மனைவியை ஏசுவது அறியாமை. யாராவது தொட்டுத் துன்புறுத்தினால், அவர் உறவினரேயானாலும், வந்து சொல்லலாம், அடிக்கமாட்டோம் என்ற தைரியத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், கேரள அரசின் 'திசா' உதவி எண் 1056-ஐயும் வீட்டுச் சுவரில் எழுதி வைப்போம்.

தோழர்களே, அடுத்த சடங்கு வீட்டில் பந்தல் போடுவதற்கு முன், பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். அவளுடைய அண்ணன் தம்பிகளையும் கூட உட்காரவையுங்கள். கடன் வாங்காமல் நாம் செய்யக்கூடிய சீர் அது ஒன்றுதான்.