குறட்டைக்குச் சாட்சி

காய்ச்சலையும் மூட்டுவலியையும் நோயாளியே மருத்துவரிடம் சொல்லிவிடலாம். குறட்டையைப் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சொல்லியாக வேண்டும். குமரி மாவட்டத் தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் ஒரே விசைப்படகில் நெருக்கியடித்துப் படுக்கிறார்கள். ஒருவர் குறட்டை மற்றவர்களுக்குத் தெரியாமல் போகாது. பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுத் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ தனியே உறங்கும் தாய்க்கு யார் சொல்வது? மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இந்தத் தொல்லை கூடுகிறது என்பதால் கேள்வி இன்னும் கனக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் பணியாளர்கள், உறக்கத்தைப் பற்றியும் விசாரிக்க வேண்டும்.

‘தாத்தா குறட்டை விட்டே எண்பது வயது வாழ்ந்தார்’ என்பார்கள். உண்மைதான், எல்லாக் குறட்டையும் நோயல்ல. ஆனால் சிலருக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையே அடைபடுகிறது. பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று, திணறலோடு மீள்கிறது. இப்படி மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 30 முறையைத் தாண்டினால் நோய் தீவிரம். ரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு உண்டு. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது மருத்துவமனை சொன்ன காரணங்களில் இந்த மூச்சடைப்பு நோயும் ஒன்று. இந்தியாவில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என 2023-இல் எய்ம்ஸ் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பெரும்பாலோர் பகல் அசதியை வயதின் மேலும் வேலையின் மேலும் போட்டுவிடுகிறார்கள். விடியுமுன் பால்வெட்டுக்கு எழும் ரப்பர் தொழிலாளி பகலில் கண்ணயர்ந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

தனியே இருப்பவரிடம் குறட்டையைக் கேட்டு என்ன பயன் என்பது நியாயமான ஆட்சேபம். அதனால்தான் கேள்வி குறட்டையோடு நிற்கக்கூடாது. மூச்சுத் திணறி விழிப்பதுண்டா, காலையில் தலைவலியும் வாய் வறட்சியும் உண்டா, பேருந்தில் உட்கார்ந்ததும் தூக்கம் சொக்குகிறதா என்பவற்றுக்கு அடுத்தவர் சாட்சி தேவையில்லை. கழுத்தை நாடாவால் அளக்கலாம்; 40 செ.மீ.க்கு மேலிருந்தால் கவனம் வேண்டும் என்கிறது டொராண்டோ மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட வினாப்பட்டியல். கைபேசியைக் கட்டிலருகே வைத்து இரண்டு மூன்று இரவு ஒலிப்பதிவு செய்யலாம். பதிவில் உரத்த குறட்டை சட்டென நின்று, அமைதிக்குப்பின் திணறலோடு மீண்டால் அது மருத்துவரிடம் எடுத்துப்போக வேண்டிய தடயம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைக் கைபேசி ஒலிப்பதிவு காட்டாது. ஒலிப்பதிவு சரியாக இருப்பதாலேயே நோயில்லை என்றும் ஆகாது. பணியாளர்களுக்கு ஏற்கெனவே சுமை அதிகம் என்பதை மறுக்கவில்லை, அதற்கேற்ப ஆளும் ஊதியமும் கூட்டட்டும். ஐயமுள்ளவர்களுக்கு, விரலிலும் மூக்கிலும் மார்பிலும் உணரிகளைப் பொருத்தி வீட்டிலேயே ஓரிரவு செய்யும் பரிசோதனையை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வழியாக இலவசமாகத் தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.