ஞாபகம் போன லான்சர்

நம்ம பெட்ரோல் லான்சர் திருவள்ளூர்க்காரன். 1998-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே தயாரிக்க ஆரம்பித்த ஜாதி. போன வாரம் புது பாட்டரி போட்டேன். மறுநாள் கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினால், பிரேக் போட்ட இடத்திலெல்லாம் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கி... ஆஃப்! கவரைப்பேட்டையில் பின்னால் நின்ற லாரிக்காரர், என் தாத்தா வரைக்கும் விசாரித்தார்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக், இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப் என்று பன்னிரண்டாயிரத்துக்கு லிஸ்ட் போட்டார்கள். கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் ஆலைகளுக்கா பஞ்சம்? எடைக்குப் போட்டுடலாம் என்று வீட்டுக்கு போன் பண்ணிவிட்டேன்.

அப்புறம்தான் பி.காம். மூளை விழித்தது. நேற்று வரை ஓடிய வண்டியில் மாறியது பாட்டரி மட்டும்தானே?

சிப்காட் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார். "பாட்டரியைக் கழட்டினா கம்ப்யூட்டருக்கு ஞாபகம் போயிடும் சார். த்ராட்டில்ல கரி படியப் படிய, ஐடிலிங்குக்கு எவ்வளவு காத்து விடணும்னு கத்து வெச்சிருந்தது. இப்ப மறுபடி ஒண்ணாங்கிளாஸ்!"

பாட்டரி டெர்மினலை இறுக்கினார். எர்த் ஒயரைப் பார்த்தார். த்ராட்டிலில் கரியைத் துடைத்தார். ஏ.சி., லைட் எல்லாம் ஆஃப். இன்ஜின் சூடானதும், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் பத்து நிமிஷம் ஓடவிட்டார். நடுக்கம் போச்சு! கூலி முந்நூறு.

அதனால வாலிபர்களே, கடைசியா எதில் கை வெச்சீங்களோ, அங்கேயிருந்து தேடுங்க. அதுக்கும் சரியாகலைன்னாதான் லிஸ்ட்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள்: "எடைக்குப் போடறேன்னீங்களே?"

சில ஞாபகங்கள் பாட்டரியைக் கழட்டினாலும் போகாது!