ஸ்பீடு டெஸ்ட்டில் 100 காட்டுது, மீட்டிங்கில் மட்டும் குரல் ஏன் விட்டு விட்டு வருது?

கோவில்பட்டியில் மாடி அறையில் உட்கார்ந்து சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். 100 எம்பிபிஎஸ் பிளான். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் முள் நூறைத் தொடுது. ஆனால் மீட்டிங்கில் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து, கீழே யாரோ கல்யாண வீடியோவை கூகுள் டிரைவில் ஏற்ற ஆரம்பிக்கிறார்கள். அவ்வளவுதான். "ஹலோ, நான் பேசுறது கேக்குதா?"

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் பதில் தயாராக இருக்கும். "ரூட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." அதற்கும் சரியாகவில்லை என்றால், "200 பிளானுக்கு மாறிக்கோங்க." பல வீடுகளில் இந்த இரண்டுமே பிரச்சனையின் பக்கத்தில்கூடப் போவதில்லை. லைனில் வேகம் இருக்கு. ஆனால் வழியில் ஓரிடத்தில் டேட்டா வரிசையில் நின்று காத்துக் கிடக்குது. அந்த வரிசையை ஒழுங்குபண்ணும் கோடு லினக்ஸ் கெர்னலுக்குள் 2012-லேயே வந்துவிட்டது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இத்தனை வருஷம் கழித்தும் அது பல வீட்டுச் சுவர்களில் தொங்கும் பெட்டிக்கு வந்து சேரவில்லை. கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

கெர்னல் எங்கே வருது இதில்?

ஆப்களுக்கும் ஹார்டுவேருக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை வாங்கும் மென்பொருள்தான் கெர்னல். ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸ் கெர்னல். பெரும்பாலான வைஃபை ரூட்டர்களுக்குள்ளும் அதே லினக்ஸ்தான். உலகத்தின் பெரிய சர்வர்களிலும் அதுவே. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மெசேஜும் துண்டு துண்டாக, அதாவது பாக்கெட்டுகளாக, இந்தக் கெர்னல்களின் வழியாகத்தான் போகுது. எந்தப் பாக்கெட் முதலில், எது அடுத்து, எதைத் தூக்கிப் போடுவது என்று முடிவுபண்ணுவது அதிலுள்ள நெட்வொர்க்கிங் கோடு.

அந்தக் கோடு நின்றுபோன ஒன்று அல்ல. 2024 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.8-ல், அடிக்கடி தேவைப்படும் தகவல்களைச் செயலியின் கேஷ் மெமரியில் அருகருகே வரும்படி அடுக்கி வைத்தார்கள். ஒரே நேரத்தில் ஏராளமான இணைப்புகளைக் கையாளும் சர்வர்களில் இதனால் 40 சதவீதம் வரை வேகம் கூடலாம் என்று சொல்லப்பட்டது. 2025 ஜனவரியில் வந்த 6.13-ல் சேர்ந்தது இன்னும் சுவாரஸ்யம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கார்ஸ்டனும் ஜோ டமாட்டோ என்ற இன்ஜினியரும் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் அது. அளவு சுமார் 30 வரிதான். சில வகை டேட்டா சென்டர் வேலைகளில் மின்செலவை 30 சதவீதம் வரை குறைக்கலாம் என்றார்கள்.

இந்தச் செய்திகள் உலகம் முழுக்க ஓடின. நல்ல விஷயம்தான். ஆனால் இவற்றின் பலன் முதலில் போய்ச் சேருவது சர்வர் அறைகளுக்கு. புது கெர்னலை ஏற்றிக்கொள்ளப் பெரிய கம்பெனிகளுக்குக் காரணம் இருக்கு, ஏனென்றால் அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு சதவீதமும் அவர்களுக்குப் பணம். வீட்டு ரூட்டரில் உங்களுக்கு மிச்சமாகக் கூடியது நேரம். அதற்கு யாரும் பில் போடுவதில்லை, அதனால் யாருக்கும் அவசரமும் இல்லை.

குழாயடிக் கணக்கு

கரிசல்காட்டுக்காரர்களுக்கு வரிசையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணி எப்போ வரும் என்று குடத்தைக் கழுவி வைத்துக் காத்திருந்த ஊர் கோவில்பட்டி.

ஒரு தெருக்குழாயில் நிமிஷத்துக்கு ஒரு குடம் நிறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயடியில் பத்துக் குடம் வைக்கத்தான் இடம். பதினோராவது குடத்தோடு வரும் பையனிடம், "இடமில்லடே, அப்புறமா வா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இருப்பவர்களும் நிலவரம் புரிந்து அடுத்த குடத்தை அனுப்பாமல் பொறுத்திருப்பார்கள். இப்போது யாரோ நல்ல மனசோடு குழாயடியைச் சிமெண்ட் போட்டு அகலப்படுத்தி, ஆயிரம் குடம் நிற்க இடம் பண்ணிக் கொடுக்கிறார். இனி யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் குழாயில் தண்ணி வரும் வேகம் அதே வேகம்தான். ஒரு கல்யாண வீட்டுக்காரர் 300 குடத்தைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டால், பிள்ளைக்கு மருந்து கரைக்க ஒரு சொம்புத் தண்ணி கேட்டு வந்த பாட்டி ஐந்து மணி நேரம் நிற்கணும்.

குடம் என்பது பாக்கெட். குழாய் உங்கள் லைன். சிமெண்ட் தளம் ரூட்டருக்குள் இருக்கும் மெமரி, டெக்னிக்கல் பெயர் பஃபர். பையனைத் திருப்பி அனுப்புவதுதான் பாக்கெட்டைத் தூக்கிப் போடுவது.

இன்டர்நெட்டில் டேட்டா அனுப்பும் டிசிபி என்ற முறைக்கு லைன் நிரம்பிவிட்டது என்று தெரிய வழக்கமான வழி ஒன்றுதான். ஏதாவது ஒரு பாக்கெட் தொலைய வேண்டும். தொலைந்தால் வேகத்தைக் குறைக்கும், தொலையாதவரை கூட்டிக்கொண்டே போகும். மெமரி விலை குறையக் குறைய, பெட்டி செய்பவர்கள் பஃபரைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். ஒரு பாக்கெட்கூட வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணம். விளைவு, "இடமில்ல" என்று சொல்ல ஆளே இல்லாமல் போச்சு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அளவு புரியும். லினக்ஸில் பல வருஷம் வழக்கமாக இருந்த வரிசையின் நீளம் 1,000 பாக்கெட். ஒரு பாக்கெட் 1,500 பைட். மொத்தம் 15 லட்சம் பைட், அதாவது 1.2 கோடி பிட். அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால், அந்த வரிசை முழுக்க நிறைந்திருக்கும்போது கடைசியில் வந்து நிற்கும் பாக்கெட் வெளியே போக 1.2 வினாடி ஆகும். பேச்சு இயல்பாக இருக்க, ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருக்கணும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அதைப்போல எட்டு மடங்கு. மீட்டிங்கில் நீங்கள் சொன்ன "ஆமா" அடுத்த கேள்விக்குப் பதிலாகப் போய் விழுவது இப்படித்தான்.

1986-ல் ஆரம்பித்த கதை

1986 அக்டோபர். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே தூரம் 400 கஜம். வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு, திடீரென்று 40 பிட்டாக விழுந்தது. ஆளை அனுப்பி எழுதிக் கொடுத்திருந்தால் சீக்கிரம் போயிருக்கும். வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் காரணத்தைத் தேடிப் போனார்கள். நெரிசல் என்று தெரியாமலேயே எல்லாக் கம்ப்யூட்டர்களும் தொலைந்த பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பி, நெரிசலைக் கூட்டிக்கொண்டிருந்தன. பாக்கெட் தொலைந்தால் அடக்கி வாசி என்ற விதியை அவர்கள் பிஎஸ்டி யூனிக்ஸின் கெர்னலுக்குள் எழுதினார்கள். 1988-ல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. இன்டர்நெட் இன்றைக்கு நிற்பதற்கு அந்தச் சில வரிகளும் ஒரு காரணம்.

2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற இன்ஜினியர், வீட்டிலிருந்து பெரிய ஃபைலை அனுப்பும்போது வீட்டு நெட்டே படுத்துவிடுவதைக் கவனித்தார். தாமதம் ஒரு வினாடிக்கும் மேல். பெரிய பஃபர்கள் 1988-ன் விதியை முடமாக்கிவிட்டன என்று புரிந்தது. இந்த வியாதிக்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வந்தது. வயிறு ஊதிப்போன பஃபர்.

மருந்து 2012-ல் வந்தது. அதே ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கோல்ஸும் சேர்ந்து 'கோடெல்' என்ற முறையை வெளியிட்டார்கள். அதன் யோசனை எளிமையானது. வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, குடம் எவ்வளவு நேரமாக நிற்குது என்று பார். கொஞ்ச நேரம் கூட்டம் சேர்ந்து கலைந்தால் பரவாயில்லை. ஆனால் 100 மில்லி வினாடி நேரம் முழுக்கக் காத்திருப்பு ஒருமுறைகூட 5 மில்லி வினாடிக்குக் கீழே இறங்கவில்லை என்றால், ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் போடு. அனுப்புகிறவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

அதே வருஷம் ஜூலையில் வந்த லினக்ஸ் 3.5-ல் இது சேர்ந்தது. கூடவே எரிக் டுமாசே எழுதிய எஃப்க்யூ-கோடெல். இது ஒரே வரிசையை 1,024 தனி வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் முறைவைத்து எடுக்கும். கல்யாண வீட்டுக்காரர் 300 குடம் வைத்திருந்தாலும் அது அவர் வரிசை. சொம்போடு புதிதாக வருபவருக்கு முதல் தண்ணி. வீடியோ காலின் குரலும், ஜிபே பாக்கெட்டும், ஆன்லைன் எக்ஸாமில் 'சப்மிட்' தட்டுவதும் எல்லாம் சொம்பு ரகம்தான். யார் எந்த ஆப் என்று பார்த்துச் சலுகை காட்டும் வேலையே இதில் கிடையாது.

இந்த மருந்தை ஊர் ஊராகக் கொண்டுபோக வாழ்க்கையையே செலவழித்தவர் டேவ் டாட். 2025 ஏப்ரல் 1 அன்று காலமானார். டெக் உலகத்துக்கு வெளியே பலருக்கு அந்தப் பெயர் தெரியாது.

அனுப்பும் முனையிலும் முன்னேற்றம் இருக்கு. கூகுளின் பிபிஆர் முறை 2016 டிசம்பரில் லினக்ஸ் 4.9-ல் வந்தது. பாக்கெட் தொலையும்வரை காத்திருக்காமல், லைனின் கொள்ளளவை அளந்து அதற்கேற்ப அனுப்பும். யூடியூபில் போட்டுப் பார்த்தபோது தாமதத்தின் இடைநிலை அளவு உலக அளவில் 53 சதவீதமும், வளரும் நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேலும் குறைந்தது என்று அந்தக் குழு எழுதியது. ஏழை லைன்களில் வரிசை அந்த அளவு வீங்கிக் கிடந்தது என்றும் இதைப் படிக்கலாம்.

அப்புறம் ஏன் இன்னும் தொங்குது?

ரூட்டர் செய்யும் கம்பெனி கெர்னலை நேரடியாக எடுப்பதில்லை. சிப் தயாரிப்பாளர் ஒரு பழைய கெர்னலைத் தன் வசதிக்கு மாற்றிக் கொடுப்பார். அதன்மேல் பெட்டிக்காரர் தன் பெயரை ஒட்டுவார். அதை மொத்தமாக வாங்கும் இன்டர்நெட் கம்பெனி உங்கள் சுவரில் ஆணி அடித்து மாட்டும். அதற்குப் பிறகு அந்தக் கெர்னலுக்கு யார் பொறுப்பு? யாரும் இல்லை.

ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2020-ல் 127 வீட்டு ரூட்டர்களைப் பிரித்துப் பார்த்தது. பத்தில் ஒன்பது லினக்ஸில் ஓடின. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 2.6.36 அல்லது அதற்கும் பழைய கெர்னல். அது 2010-ல் வந்தது. அதாவது கோடெல் பிறப்பதற்கு முன்னால் இருந்த கெர்னல், 2020-ல் கடையில் புதுப் பெட்டியாக விற்றுக்கொண்டிருந்தது. அது ஐரோப்பியச் சந்தை. 'விலை குறைவா கொடு' என்ற ஒரே நிபந்தனையோடு பெட்டி வாங்கப்படும் இடங்களில் நிலைமை இதைவிட மேலாக இருக்கும் என்று நம்பக் காரணம் இல்லை.

கெர்னல் புதியது என்றாலும் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. பல ரூட்டர்களில் வேகத்தைக் கூட்டிக்காட்ட, பாக்கெட்டுகளைக் கெர்னல் பக்கமே விடாமல் ஹார்டுவேர் வழியாகத் தள்ளிவிடும் குறுக்குவழி இருக்கு. ஸ்பீடு டெஸ்டில் நல்ல நம்பர் வரும். வரிசையைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இருக்காது.

இது வெளிநாட்டுக்காரர்கள் மட்டுமே கை வைக்கும் வேலையும் அல்ல. கர்நாடகத்தின் சூரத்கல் என்ஐடி-யில் பேராசிரியர் மோஹித் தஹிலியானியும் மாணவர்களும் எழுதிய எஃப்க்யூ-பை என்ற வரிசை ஒழுங்குமுறை, 2020-ல் லினக்ஸ் 5.6-ல் சேர்ந்தது. கல்லூரி லேபில் எழுதிய கோடு உலகத்தில் யார் லினக்ஸ் ஓட்டினாலும் அவர்கள் கையில். கோவில்பட்டியிலும் 1984-லிருந்து இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு, சுற்றிலும் இன்னும் பல. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு அட்டெண்டன்ஸ் ஆப் பண்ணுவதைவிட, ஊரில் இருக்கும் பத்து வீட்டு ரூட்டர்களில் வரிசைத் தாமதத்தை அளந்து பார்ப்பது பிரயோஜனமான வேலை.

ஆனால் இதை மாணவர்கள் தலையில் கட்டிவிட்டு நகர முடியாது. தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழை கேபிள் கொண்டுபோகும் திட்டத்தைக் கையில் வைத்திருக்கு. அரசுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் டெண்டரில் இரண்டு வரி சேர்க்கலாம். ஒன்று, வரிசை ஒழுங்குமுறை வேலை செய்யும் நிலையில் வரணும். இன்னொன்று, இத்தனை வருஷத்துக்குக் கெர்னல் அப்டேட் தரணும். மொத்தமாக வாங்குகிறவர் கேட்டால் விற்கிறவர் தருவார். தனி ஆள் கேட்டால் கஸ்டமர் கேரில் பாட்டுத்தான் கேட்கும். டிராயின் புதிய சேவைத்தர விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன, தாமதமும் அதில் ஓர் அளவுகோல். லைன் சும்மா இருக்கும்போது அளந்தால் எந்த ரூட்டரும் பாஸ்தான். அப்லோடு முழுவேகத்தில் ஓடும்போது அளந்த தாமதத்தைத்தான் கம்பெனிகள் பிளான் விளம்பரத்தில் எம்பிபிஎஸ்-க்குப் பக்கத்திலேயே போட வேண்டும்.

இன்றைக்கு வீட்டிலேயே பார்க்க

ஃபாஸ்ட் டாட் காம் திறந்து கூடுதல் விவரத்தைத் தட்டினால், லைன் சும்மா இருக்கும்போது ஒரு தாமதமும், லோடு உள்ளபோது ஒரு தாமதமும் தனித்தனியாகக் காட்டும். முதலாவது 20, இரண்டாவது 400 என்று வந்தால் பெரிய பிளானுக்கு மாறுவதற்கு முன் ரூட்டரைச் சந்தேகப்படுங்கள். ரூட்டர் செட்டிங்கில் 'எஸ்க்யூஎம்' அல்லது அதுபோன்ற வசதி இருந்தால் ஆன் பண்ணி, லைன் வேகத்தில் 90 சதவீதத்தை அதில் கொடுத்தால் போதும். பத்து சதவீத வேகம் போகும், வரிசை உங்கள் கட்டுப்பாட்டுக்கு வரும். கொஞ்சம் கை வைக்கத் தெரிந்தவர்கள் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்ற முடிகிற ரூட்டராகப் பார்த்து வாங்கலாம். எஃப்க்யூ-கோடெல் அதில் ஆன் ஆகியே வரும்.

மொபைல் டேட்டாவில் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. அங்கே டவுன்லோடு வரிசை நிற்பது டவர் பக்கம், போனுக்குள் என்ன கெர்னல் இருந்தாலும் அதைத் தொட முடியாது.